குயின்ஸ்லாந்துக் கட்சித் தியாகராஜா

பக்கம் பிடிப்பவர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. உங்களுக்கு அவரைக் கட்டாயம் தெரிந்திருக்கும். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் இருவர் சன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தர்க்கப்பட்டால், தமக்குக் குளிர்கிறதா புழுங்குகிறதா என்று யோசிப்பதற்கு முன்பே, சிவப்புச் சட்டைக்காரன் சொல்வதுதான் நியாயம் என்று முடிவுகட்டி, தாம் இறங்க வேண்டிய ஸ்டேஷனையும் தவறவிட்டு, சிவப்புச் சட்டைக்காரன் வெல்லும்வரை உட்கார்ந்திருப்பார். சன்னல் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இவரைச் சண்டைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டைக்காரருக்கு ஒரு காரணமாவது வேண்டும். நம்மவருக்கு இரண்டு பொருள்கள் அருகருகே இருந்தால் போதும். தொலைக்காட்சியில் வானிலை சொல்ல இருவர் மாறிமாறி வருவார்கள் அல்லவா? அதிலும் ஒருவர் இவருடைய ஆள். தம்முடைய ஆள் மழை என்று சொன்ன நாளில் குடையில்லாமல் போய், தொப்பலாக நனைந்து, வெற்றிச் சிரிப்போடு வீட்டுக்கு வருவார்.

இந்த வகையில் நான் கண்ட உயர்ந்த மாதிரி, லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்த தியாகராஜா. கவுன்சில் அலுவலகத்தில் வேலை, மூக்குக்கண்ணாடி, மெல்லிய குரல், பிறத்தியாரின் பூனைக்குக்கூட வழிவிட்டு நடப்பவர். அப்படிப்பட்ட மனிதர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் குயின்ஸ்லாந்துக்காரராக மாறினார். குயின்ஸ்லாந்து என்பது ஆஸ்திரேலியாவில் ஒரு மாநிலம். அவர் அங்கே போனதில்லை. போகும் எண்ணமும் இல்லை. அவருடைய தம்பி பாலேந்திரா பிரிஸ்பேனில் குடியேறியிருந்தார், அவ்வளவுதான்.

அந்தத் தம்பி ஒரு முறை, பிள்ளையின் பிறந்தநாளைப் பிடித்த வீடியோ என்று நினைத்து, கைதவறி வேறொரு கசெற்றை அனுப்பிவிட்டார். அதில் கேக் இல்லை. மெரூன் சட்டை போட்ட பதின்மூன்று பேரும் நீலச் சட்டை போட்ட பதின்மூன்று பேரும் முட்டை வடிவப் பந்து ஒன்றுக்காக ஒருவரையொருவர் மண்ணில் அமத்திக்கொண்டிருந்தார்கள். ரக்பி லீக். இங்கிலாந்தின் வடக்கே இந்த ஆட்டத்துக்கு உயிரை விடுவார்கள். லண்டனில் சொன்னால் எங்கள் வெள்ளைக்காரப் பக்கத்துவீட்டுக்காரரே விழிப்பார். தியாகராஜா தம்பி மகனின் கேக்குக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசிவரை பார்த்துவிட்டார். எழுந்தபோது அவர் மெரூன்.

வருடா வருடம் மே, ஜூனில் மூன்று ஆட்டம். மெரூன் சட்டைக் குயின்ஸ்லாந்துக்கும், சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நீலச் சட்டை நியூ சவுத் வேல்ஸுக்கும் போட்டி. ஆனால் தியாகராஜாவை மயக்கியது ஆட்டம் அல்ல, அதன் சட்டம். ஒருவன் எங்கே குடியிருக்கிறான், எந்தக் கிளப்பில் சம்பளம் வாங்குகிறான் என்று பார்ப்பதில்லை. முதன்முதலில் எங்கே ஆடத் தொடங்கினானோ அந்த மாநிலத்துக்கே ஆட வேண்டும். வருடம் முழுக்கச் சிட்னியில் உண்டு உறங்குகிறவன், அந்த மூன்று நாள் மட்டும் மெரூன் சட்டை போட்டுச் சிட்னிக்காரனைப் புரட்டி எடுப்பான். இதைக் கேட்டதும் தியாகராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாண வீட்டில் புதிதாக ஒருவரைக் கண்டால், நீங்கள் ஹரோவோ விம்பிள்டனோ என்று எங்கள் ஆட்கள் எப்போதாவது கேட்டிருக்கிறார்களா? ஊரிலை எவடம் என்றுதானே கேட்கிறார்கள்? இது எங்கடை ஆக்கள் எழுதின சட்டம் மாதிரி இருக்கு என்று என்னிடம் நாலு தரம் சொன்னார்.

அன்றிலிருந்து மூன்று கசெற்றும் வருடந்தோறும் தபாலில் வந்தன, ஒவ்வொன்றும் மூன்று கிழமை பிந்தி. அந்த மூன்று கிழமையும் முடிவு அவர் காதில் விழக்கூடாது. தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்தால், சுகம் கேட்கலாம், பிள்ளைகளைப் பற்றிச் சொல்லலாம், ஆனால் குரலில் சந்தோஷமோ துக்கமோ இருக்கக்கூடாது என்பது கட்டளை. ஒரு தரம் பாவம் அந்தத் தம்பிக்கு நெஞ்சுச் சளி. கம்மிய குரலைக் கேட்டுத் தோற்றுவிட்டோம் என்று தியாகராஜா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மனைவி கனகாம்பிகை மெரூன் கம்பளிச் சட்டை ஒன்று பின்னிக் கொடுத்தாள். ஆசையால் அல்ல. அது இல்லாமல் அவர் வீட்டு மெரூன் திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தியாகராஜாவுக்கு ஒரே மகள், ரமா. ஆஸ்பத்திரியில் மருந்தாளர். அவள் ஒரு பையனை விரும்பினாள். எங்கள் பையன்தான், லண்டனில் எஞ்சினியர். எல்லாப் பொருத்தமும் சரி. ஒன்றே ஒன்று இடித்தது. பையனின் தகப்பன் ஆனந்தராஜா பெண் பார்க்க வருவது சிட்னியிலிருந்து.

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை தபாலில் வந்து சேர்ந்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? மூன்றாவது ஆட்டம். தொடர் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. கனகாம்பிகை தபால்காரன் கையிலிருந்தே அதைப் பறித்துக்கொண்டுபோய், துவாய் அடுக்கும் அலுமாரியில் ஒளித்தாள். கம்பளிச் சட்டையைச் சலவை இயந்திரத்துக்குள் போட்டு ஓடவிட்டாள். தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் பின்னல் விரிப்பைப் போட்டுப் பூச்சாடி வைத்தாள். பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையின்ரை வாழ்க்கை. அந்த மனிசன் நீலமோ பச்சையோ, நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது."

"ஓம்," என்றார் தியாகராஜா. சொன்னபடியே செய்ய வேண்டும் என்றுதான் அந்த மனிதர் மனதார நினைத்தார்.

அவரைக் காவல் காக்க என்னையும் அழைத்திருந்தார்கள். தெருவில் நான் ஒருவன்தான் எந்தப் பக்கமும் சாராதவன் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆனந்தராஜா பையனோடு வந்தார். அளவான மனிதர், அளவான கழுத்துப்பட்டி, அளவான சிரிப்பு. தியாகராஜா வெயிலைப் பற்றிப் பேசினார், மெட்ரோபொலிற்றன் லைனைப் பற்றிப் பேசினார், சொதி வரும்வரை அற்புதமாகத் தாக்குப்பிடித்தார். பிறகு, எதிரியாக இருந்தாலும் விருந்தாளி அல்லவா, மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்கத்தானே வேண்டும்? உங்கடை பக்கம் இந்தமுறை எப்படி என்று கேட்டார். எங்கடை பக்கம் எது என்றார் ஆனந்தராஜா. தியாகராஜா போட்டியின் பெயரைச் சொன்னார். அந்த நேரத்தில் கனகாம்பிகையின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது.

"ஓ, அதோ," என்றார் ஆனந்தராஜா. "எனக்கு உதுகளிலை அக்கறை இல்லை அண்ணை. ஆர் வெண்டாலும் நல்லதுதானே."

தியாகராஜா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். பின்னால் கனகாம்பிகை போனாள். அவள் பின்னால் ரமா. காவல்காரனாகிய நான் கடைசியில். இந்தச் சம்பந்தம் சரிவராது என்றார். இருபது வருஷம் சிட்னியில் இருந்தும் ஒரு பக்கம் எடுக்காத மனிதன், நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்றென்றால் யார் பக்கம் நிற்பான் என்று கேட்டார். நீலமாக இருந்தால்கூடப் பெண் கொடுக்கலாம் என்றார். பகிடி அல்ல, குரல் நடுங்கியது. கனகாம்பிகை குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் முப்பது வருடத்துக் குறைகளையெல்லாம் ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினாள். ரமாவின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

ஆனால் அவள் யாருடைய மகள்? தகப்பனைச் சின்ன வயதிலிருந்து படித்தவள். நேரே மாடிக்குப் போய் அலுமாரியில் துவாய்களுக்கு நடுவே இருந்ததை எடுத்துவந்தாள், பூச்சாடியை இறக்கினாள், கசெற்றைப் போட்டாள். அங்கிள், உங்கடை நாட்டு விளையாட்டு, எனக்காகக் கொஞ்சம் பாருங்கோ என்று பாயசக் கோப்பையைக் கையில் கொடுத்து உட்கார வைத்தாள். வருங்கால மருமகள் கேட்கிறாள், மனிதர் என்ன செய்வார்? பாயசத்தைப் பார்ப்பதுபோலவே திரையையும் பார்த்தார். தியாகராஜா வாசலில் நின்றபடி, விருந்தாளியைப் பாராமல், ஆட்டத்தை மட்டும் பார்த்தார்.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெரூன் சட்டைக்காரன் ஒருவன் மூன்று நீலங்களை உதறிக்கொண்டு ஓடினான். இவனை எங்கள் பக்கத்து ரோட்டில் கண்டிருக்கிறேனே என்றார் ஆனந்தராஜா. ஓம் அங்கிள், சிட்னிக் கிளப்பில்தான் இருக்கிறார், ஆனால் இந்த ஆட்டத்துக்குத் தொடங்கின இடம்தான் கணக்கு என்று ரமா சட்டத்தை விளங்கப்படுத்தினாள். ஆனந்தராஜா கோப்பையைக் கீழே வைத்தார்.

"சோறு போடுற ஊருக்கு எதிராவோ விளையாடுறான்?"

"தொடங்கின ஊருக்கு விளையாடுறான்," என்றார் வாசலில் நின்றவர்.

"அப்ப ஏன் சிட்னியிலை இருக்கிறான்? அங்கையே போய் இருக்கலாமே."

"நாங்கள் ஏன் இஞ்சை இருக்கிறம்?"

இரண்டு பேரும் பந்தைப் பற்றிப் பேசவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது, அவர்களுக்கும் தெரிந்தது. நல்லவேளையாக நீலச் சட்டைக்காரன் ஒருவன் பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்து புள்ளி எடுத்தான்.

ஆனந்தராஜா எழுந்து நின்றார். அப்படித்தான், உண்ட வீட்டுக்கு உழைக்கிற பிள்ளைகள் என்றார். அது முன்னுக்குக் கொடுத்த பாஸ், பின்னுக்குத்தான் கொடுக்கலாம், நடுவருக்குக் கண் பொட்டை என்றார் தியாகராஜா. பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் இயலாது. கழுத்துப்பட்டி கழன்றது. மூக்குக்கண்ணாடி சோபாவின் கீழே போனது. நன்றி மறந்தவர்கள் என்று ஆனந்தராஜா சொல்ல, வேர் மறந்தவர்கள் என்று தியாகராஜா சொல்ல, பையன் சிட்னிக்காகக் கைதட்டப்போய் ரமாவின் பார்வையைக் கண்டு கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள, நடுநிலை வகித்த நான் ஆனந்தராஜாவைத் தோளில் பிடித்து உட்காரச் சொன்னேன், மெரூன்காரன் ஓடுவது எனக்கு மறைத்தது.

ஆட்டம் முடிந்தது. ஆனந்தராஜா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தாம் போட்டுவந்த கோட்டைக் கேட்டார். எல்லாம் போயிற்று என்று கனகாம்பிகை கதிரையில் சாய்ந்துவிட்டாள். கோட்டை எடுத்துவந்த தியாகராஜா அதைக் கொடுக்காமல், மற்றவரின் கையைத் தம் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தில் இருந்தது மகிழ்ச்சி, வேறொன்றும் இல்லை. இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். கல்யாணத்தை எப்போது வைப்போம் என்று கேட்டார்.

"எப்ப வேணுமெண்டாலும் வையுங்கோ," என்றார் ஆனந்தராஜா. "மே, ஜூன் மட்டும் வேண்டாம்."

செப்டம்பரில் வைத்தார்கள். மணவறையில் சம்பந்திகள் இருவரும் அருகருகே நின்று, ஐயர் மந்திரம் சொல்லும்போது முன்னுக்குக் கொடுத்த பாஸ் பற்றித் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததை நான் என் காதால் கேட்டேன். ரமா புகுந்த வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாள்.

இவ்வளவும் வாசித்துச் சிரித்தீர்கள். நல்லது. இப்படியும் ஒரு மனிதரா என்று தலையை ஆட்டியுமிருப்பீர்கள். முட்டைப் பந்தை நீங்கள் தொட்டதில்லை; பிரிஸ்பேனிலும் சிட்னியிலும் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அந்த மூன்றாவது ஆட்டத்தில் வென்றது யார் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? கடைசிப் பந்தியாவது சொல்லிவிடும் என்று நினைத்துத்தானே இதுவரை வந்தீர்கள்? எந்த நிறம் வெல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஏற்கெனவே முடிவும் கட்டிவிட்டீர்களே, அதை வெளியே சொல்லாதீர்கள். பக்கத்தில் இருக்கிறவர் மற்ற நிறமாக இருக்கக்கூடும்.