எர்மெக்பாய் சேர்த்த நாணயம்

நாணயம் சேகரிப்பது என்ற முடிவை எர்மெக்பாய் எடுத்தது பொதுக் குளியல்கூடத்தில், உடம்பில் ஒரு துண்டுகூட இல்லாத நேரத்தில். அதனால்தானோ என்னவோ, அந்த முடிவில் ஒளிவுமறைவே இல்லை.

நீராவிக்குள் முகம் தெரியாத ஓர் ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்: "எழுபதாம் வருஷத்து அஞ்சு கோபெக். ஒரே ஒரு காசு. அதை வித்து என் மச்சினன் கார் வாங்கிட்டான்யா!"

எர்மெக்பாய்க்கு வேர்த்தது. நீராவியில் எல்லோருக்கும்தான் வேர்க்கும். இது வேறு வேர்வை. முப்பத்து நாலு வருஷம் தராஸ் நகரத்தில் பஸ் ஓட்டியவர் அவர். சோவியத் காலத்தில் டிக்கெட் அஞ்சு கோபெக். ஏறுகிறவர்கள் உண்டியல் மாதிரி ஒரு பெட்டியில் 'டணங்' என்று போட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் பெட்டியைக் கொண்டுபோய் டிப்போவில் கொட்டுவார். எத்தனை கார்களைத் தன் கையாலேயே கொட்டிவிட்டு வந்தாரோ!

வீட்டுக்குள் நுழையும்போதே அறிவித்தார். "ஸௌரே! இனிமே நான் நாணயம் சேர்க்கப் போறேன்."

மனைவி ஸௌரே ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, "சேருங்க. இந்த வயசுலயாவது வரட்டும்," என்றாள்.

"அந்த நாணயம் இல்ல. காசு."

"காசா? ரொம்ப சந்தோஷம். அதுவும் இந்த வயசுலயாவது வரட்டும்."

உள்ளூர அவளுக்கும் நிம்மதிதான். ஓய்வு பெற்ற ஐந்து மாதமாக மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்து, "பத்தொம்பதாம் நம்பர் நாலு நிமிஷம் லேட்டு", "புது டிரைவருக்குத் திருப்பத் தெரியல" என்று தெருவில் போகிற பஸ்ஸையெல்லாம் வீட்டுக்குள்ளிருந்தே ஓட்டிக்கொண்டிருந்தார்.

எர்மெக்பாய் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஒரே நாளில் ஆல்பம் வந்தது, பூதக்கண்ணாடி வந்தது, வெள்ளைக் கையுறை வந்தது.

"எந்த ஓட்டல்ல பரிமாற வேலை கெடச்சுது?" என்றாள் ஸௌரே.

"காசைக் கையால தொடக்கூடாது. விரல் எண்ணெய் பட்டா மதிப்பு போயிடும்."

"பஸ்ல முப்பத்து நாலு வருஷம் தொட்டீங்களே."

"அதான் மதிப்பில்லாம போயிட்டேன்!" என்றார். சொன்ன பிறகுதான் தன்னைத்தானே திட்டிக்கொண்டது புரிந்தது.

சனி, ஞாயிறுகளில் ரயில்வே பாலத்தடியில் பழம்பொருள் சந்தை கூடும். அங்கே சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, எண்ணெய்த் துணி விரித்து, அதன்மேல் காசுகளைப் பரப்பி உட்கார்ந்திருப்பான் கென்னதி.

"எழுபதாம் வருஷத்து அஞ்சு கோபெக் இருக்கா?"

கென்னதி அவரையும் அவர் கையுறையையும் பார்த்தான். மீன் தானாகவே குதித்துப் படகில் விழுந்தது மாதிரி அவன் முகம் மலர்ந்தது.

"அது இல்லண்ணே. இதோ, எழுபதாம் வருஷத்து ரூபிள் இருக்கு. அதே வருஷம். அதை விட இருபது மடங்கு பெருசு!"

எர்மெக்பாய் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐந்தை இருபதால் பெருக்கினால் நூறு. நூறு கோபெக் ஒரு ரூபிள். ஆள் பொய் சொல்லவில்லை! மூவாயிரம் டெங்கே கொடுத்து வாங்கினார். ஊர் பேரே தராஸ். ஆனால் அவர் எதையும் எடை போட்டு வாங்கியதில்லை.

அன்று ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தார். ரூபிளை ஆல்பத்தில் செருகி, 'ஒரு ரூபிள், 1970, நல்ல நிலை' என்று சின்னச் சீட்டில் எழுதிக் கூடவே வைத்தார். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவது அவர் வழக்கம்.

அடுத்த வாரம் இரண்டு காசு. அதற்கடுத்த வாரம் மூன்று. ஆல்பத்தில் பதினொன்று சேர்ந்த அன்று ஸௌரே அலமாரியிலிருந்து ஒரு பழைய பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பூட்ஸுக்குள்ள இருந்த குதிரை எங்க?"

குளிர்காலக் கறிக்காக, ஸௌரேயின் அண்ணன்மாரும் இவர்களுமாக நாலு வீடு சேர்ந்து ஒரு குதிரை வாங்கி, அறுத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இவர்கள் வீட்டுப் பங்குப் பணம் அந்தப் பூட்ஸுக்குள்தான் இருந்தது.

"பாதி பூட்ஸ்லயே இருக்கு. மீதி..." எர்மெக்பாய் ஆல்பத்தைத் திறந்தார். "இதோ, இதுல குதிரைகூட இருக்கு பாரு. வீரன் ஏறி உக்காந்திருக்கான்."

"இதைக் கொப்பரையில போட்டு வேகவெச்சா வேகுமா? என் அண்ணன்மாருங்க முன்னாடி, 'எங்க பங்கு செல்லாக் காசா இருக்கு'ன்னு நான் போய் நிக்கவா? செல்லாக் காசுக்குச் செல்லுற காசைக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே!"

"செல்லாததுனாலதான் ஸௌரே விலை அதிகம்."

"அப்படியா? அப்ப இந்த வீட்லயே விலை அதிகம் நீங்கதான்."

மிச்சமிருந்த பணம் அந்த நிமிஷமே பூட்ஸிலிருந்து ஸௌரேயின் தையல் பெட்டிக்குக் குடிபோனது. இனிமேல் காசு வாங்கினால் அவருடைய சொந்தக் கைச்செலவில்தான் வாங்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பிறகு அவள் கொஞ்ச நேரம் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இதையெல்லாம் திருப்பி விக்க மாட்டீங்களா?"

"உயிரே போனாலும் மாட்டேன். சேகரிக்கிறவன் விக்க மாட்டான்."

"சரி, நீங்க விக்க வேணாம். அந்தக் கென்னதி பாலத்துக்கு எந்தப் பக்கம் உக்காருவான்?"

"வடக்குப் பக்கம். ஏன்?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

எர்மெக்பாய்க்கு நெஞ்சு குளிர்ந்தது. மனைவிக்கும் ஆர்வம் வந்துவிட்டது!

குழப்பம் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சிகரெட்டை நிறுத்தினார். டீக்கடையை மறந்தார். மிச்சம் பிடித்த பணத்தில் ஞாயிறு தவறாமல் ஒரு காசு வாங்கினார். ஆனால் ஆல்பம் மட்டும் பருக்கவே இல்லை. எப்போது எண்ணினாலும் பதினொன்று. இடமிருந்து எண்ணினார். வலமிருந்து எண்ணினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எண்ணினார். அப்போது மட்டும் பதினாலு வந்தது.

"ஸௌரே, இதுல எத்தனை காசு இருக்கு, நீ பாத்துச் சொல்லு."

"பதினொண்ணு."

"போன வாரம்?"

"பதினொண்ணு."

"இன்னைக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்தேனே?"

"அதையும் சேத்துத்தான் பதினொண்ணு."

"அப்ப காலைல பத்துதான் இருந்திருக்கணும்!"

"பத்துதான் இருந்துச்சு."

எர்மெக்பாய் தலையைச் சொறிந்தார். காலையில் பத்து, ஒன்று வாங்கினால் பதினொன்று. சரி. போன வாரம் பதினொன்று. அதுவும் சரி. இரண்டு சரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் எங்கேயோ தப்பாக இருந்தது.

"வீட்டுக்குள்ள யாராவது வந்து எடுக்கறாங்களோ?"

"வெளியாளு யாரும் வரல. நான் வீட்லயே இருக்கேனே."

"பணம் எங்கதான் போகுதோ!"

"எங்கயும் போகலங்க. சுத்திச் சுத்தி நம்ம வீட்டுக்குத்தான் வருது."

அதை அவர் வாழ்த்தாக எடுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து ஸௌரே ஒரு பொய் சொன்னதில்லை. ஆகவே கோளாறு தன் மண்டையில்தான் என்று முடிவு கட்டினார். அவளும் தினம் காலையில் பாலூற்றின டீயோடு நாலு வால்நட்டை உடைத்து வைத்தாள். "ஞாபகத்துக்கு நல்லதாம்." தின்றார். ஞாபகம் கூடக் கூடக் குழப்பமும் கூடியது. இந்தக் காசை முன்னாடியே வாங்கின ஞாபகம் வேறு வர ஆரம்பித்தது.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கென்னதி இந்தத் தடவை ஒரு காசைச் சீட்டோடு எடுத்து நீட்டினான்.

"ரூபிள், எழுபதாம் வருஷம். பெரிய மனுஷர் வீட்டுச் சரக்கு அண்ணே."

எர்மெக்பாய் பூதக்கண்ணாடியை வைத்துச் சீட்டைப் படித்தார். 'ஒரு ரூபிள், 1970, நல்ல நிலை.' அசந்துபோனார்.

"கென்னதி, யாரு இவரு? எழுத்தைப் பாரேன், முத்து முத்தா! ஏழுக்குக் குறுக்குக் கோடு போட்டிருக்காரு. படிச்ச ஆளு!"

"ஆளு எப்படின்னு நான் சொல்லக்கூடாதுண்ணே," என்றான் கென்னதி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "ஆனா காசு மேல உசிரு."

"இப்படி ஒருத்தரோட பழக்கம் கெடச்சா எனக்கு எவ்வளவு உபயோகமா இருக்கும்!"

"கெடைக்கும் அண்ணே. பக்கத்துலயேதான் இருக்காரு."

மறுபேச்சில்லாமல் மூவாயிரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் ஆல்பத்தைத் திறந்தார். ரூபிள் இருந்த உறை காலி. பக்கத்து உறைகளிலெல்லாம் சீட்டுகள். அதே எழுத்து. அதே ஏழு. அதே குறுக்குக் கோடு. கையிலிருந்ததையும் ஆல்பத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்தப் படித்த ஆள் மெதுவாக, மிக மெதுவாக, அவருக்கு அறிமுகமானார்.

"ஸௌரே!"

அவள் மறைக்கவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஆமாங்க. சனிக்கிழமை ஒண்ணு எடுத்துக் கென்னதிகிட்ட குடுப்பேன். ஞாயித்துக்கிழமை நீங்க வாங்கிட்டு வருவீங்க. பத்துல ஒரு பங்கு அவனுக்கு, மீதி நமக்கு."

"என் காசையே எங்கிட்ட வித்தியா!"

"வேற யாரு காசையாவது வாங்கியிருந்தா பணம் போனது போனதுதானே? இப்ப காசும் இங்கதான், பணமும் இங்கதான். குறைஞ்ச பங்கு முந்தாநாள்தான் நிறைஞ்சுது. உங்க கைச்செலவுதான் குதிரையாச்சு. அடுப்புல கொதிக்குது பாருங்க."

எர்மெக்பாய் மூக்கை உறிஞ்சினார். நல்ல வாசனைதான். அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

"ஊரே சிரிச்சிருக்கும். பத்து வாரம் என்னைக் கோமாளியாக்கி வெச்சிருக்க. மூளை கொழம்பிப் போச்சுன்னு வால்நட் வேற குடுத்த!"

ஸௌரே மெஷினை விட்டு எழுந்தாள். "அதை மட்டும் செஞ்சிருக்கக் கூடாது," என்றாள். "ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை காசோட உள்ள வர்றப்ப உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? ரிட்டயர் ஆனதுலேர்ந்து அந்த மூஞ்சியை நான் பாக்கல. விட்டுட மனசு வரல."

அவர் தட்டை எடுத்தார். கறி இரண்டு தட்டு தின்றார். ஆனால் முறைத்துக்கொண்டே தின்றார்.

அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தார். "பத்தொம்பதாம் நம்பர் ஆறு நிமிஷம் லேட்டு."

மூன்றாவது ஞாயிறு ஸௌரேயால் தாங்க முடியவில்லை. கோட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். "போயிட்டு வாங்க. இனிமே ஆல்பத்துல கை வெக்க மாட்டேன். சத்தியம்."

"போறேன். ஆனா இந்த வீட்டுக் காசு ஒண்ணுகூட இனிமே என் பணத்தைத் தின்னாது!"

பதினொரு காசின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். கென்னதியின் எண்ணெய்த் துணியில் கிடந்த ஒவ்வொன்றையும் தாளோடு ஒத்துப் பார்த்தார். எதுவும் அவருடையது இல்லை. திருப்தியாகத் தலை நிமிர்ந்தபோது கென்னதி சட்டைப் பையிலிருந்து கறுத்துப்போன ஒரு சின்னக் காசை எடுத்தான். எர்மெக்பாய் பூதக்கண்ணாடியை வைத்தார். ஐந்து கோபெக். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வருஷம் மாறவில்லை.

"கார் வருமா கென்னதி?"

"காரெல்லாம் வராதுண்ணே. ஒரு டயர் வரலாம். இருபதாயிரம் குடுங்க."

இந்தத் தடவை எர்மெக்பாய் ஏமாறத் தயாராக இல்லை. பேரம் பேசினார். காசில் கறை என்றார், கீறல் என்றார். இரண்டு தடவை கோபித்துக்கொண்டு பாலத்தின் தெற்குப் பக்கம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். கடைசியில் பன்னிரண்டாயிரத்துக்கு முடித்தார். கென்னதி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "உங்ககிட்ட யாவாரம் பண்ண முடியாதுண்ணே," என்றான். அந்த ஒரு வார்த்தை போதாதா? பனியில் வழுக்க வழுக்க வீட்டுக்கு ஓடினார்.

"ஸௌரே! இதோ பாரு! அஞ்சு கோபெக், எழுபது! இது உன் கை படாத காசு!"

ஸௌரே காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவள் முகமும் மலர்ந்தது.

"ஆமாங்க, கை படல. கத்திரிதான் பட்டுது. உங்க பழைய டிரைவர் கோட்டு லைனிங்கைப் பிரிச்சேன், உள்ள கெடந்துச்சு. ஆல்பத்துலேர்ந்து எடுக்கல, சத்தியம் சத்தியந்தான். உங்களைத் தவிர யாருக்கும் காட்டாதேன்னு கென்னதிகிட்ட சொல்லி வெச்சேன்."

எர்மெக்பாய் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்கிட்டயே நேரா குடுத்திருக்கலாமே?"

"குடுத்திருந்தா வாங்கி உறையில போட்டுட்டுப் பஸ் பாக்க உக்காந்திருப்பீங்க. இப்படி ஓடி வந்திருப்பீங்களா? சரி, எவ்வளவுக்கு முடிஞ்சுது?"

மனிதருக்குப் போன உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது. நெஞ்சை நிமிர்த்தினார். "இருபது சொன்னான். விடுவேனா? பேசிப் பேசிப் பன்னிரண்டுக்கு இறக்கிட்டேன்!"

ஸௌரே கையை நீட்டினாள்.

"பதினஞ்சுக்குக் கொறையாம விக்கச் சொல்லியிருந்தேன். மீதி மூவாயிரத்தை எடுங்க."