சிவப்பு மையில் ஒரு 'த'

இருபது வயதில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதன்பிறகு ஒவ்வொன்றாக மறந்துபோனதால்தான், ஓரளவு நல்ல ஆசிரியை என்ற பெயரோடு ஓய்வு பெற முடிந்தது.

பயிற்சிப் பள்ளியை விட்டு வரும்போது 'என் கற்பித்தல் கொள்கை' என்று எங்களை ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் இரண்டு பக்கம் எழுதினார்கள். நான் பதினாலு பக்கம் எழுதினேன். (சொந்தமாக ஒரு வகுப்பு இல்லாதவர்களால்தான் அவ்வளவு எழுத முடியும்.) அதில் ஒன்பதாம் பக்கம்தான் என் பெருமை. பிரம்பே கூடாது, தவறு செய்த குழந்தை தன் தண்டனையைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும், அப்போதுதான் மனசாட்சி வளரும் என்று எழுதியிருந்தேன். எங்கள் ஆசிரியர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். வியந்துபோய்ப் போட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நிலக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நடுநிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. திண்டுக்கல்லிலிருந்து தினமும் பஸ். ஏழாம் வகுப்பு, முப்பத்தாறு பிள்ளைகள். ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டினால் வேலை நிரந்தரம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன வருடம் அது. என் வேலையைத்தான் வீடே நம்பியிருந்தது.

மாசி பிறந்து மல்லிகை அரும்பு கட்டத் தொடங்கியபோது, பாண்டியம்மாள் என்ற பெண் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து வாசலில் நின்றாள். தலைமை ஆசிரியர் சவரிமுத்து சார் அந்தப் பக்கமாக வந்தவர், "பெரம்பு வேணுமாம்மா?" என்று அன்போடு கேட்டார்.

"வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு, ஒன்பதாம் பக்கத்தைப் பிரயோகித்தேன். "பாண்டியம்மா, நீ செஞ்ச தப்புக்கு என்ன தண்டனைன்னு நீயே சொல்லு."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். செத்த நேரம் யோசித்தாள். "நாளைக்கு என்னையப் பள்ளிக்கூடத்துக்கே விடாதீங்க டீச்சர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்வியை இழப்பதே ஆகப் பெரிய தண்டனை என்று ஒரு கிராமத்துக் குழந்தை தானாகவே உணர்ந்துவிட்டதே! பஸ்ஸில் வரும்போது அதை நோட்டில் எழுதியும் வைத்தேன்.

அடுத்த வாரம் வகுப்பில் மனசாட்சி கொத்துக் கொத்தாகப் பூத்தது. வீட்டுக்கணக்குப் போடாததற்கு ஒருத்தி மூன்று நாள் வாங்கிக்கொண்டாள். ஒருத்தன் மைக்கூட்டைக் கவிழ்த்ததற்கு ஒரு வாரம் கேட்டான். ரொம்ப அதிகம் என்று நான்தான் பேரம் பேசி நாலு நாளாகக் குறைத்தேன். காணாமலே போகாத சாக்கட்டியைத் திருடியதாக மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். கருப்பையா என்பவன் நேராக வந்து, "எனக்கு ரெண்டு நாளு டீச்சர்" என்றான்.

"நீ ஒரு தப்பும் செய்யலையே?"

"இனிமேத்தான் டீச்சர் செய்யணும்."

(அவனுடைய நேர்மையைப் பாராட்டி அனுப்பிவைத்தேன்.)

இவர்களுக்கு 'ஆப்சென்ட்' போடுவது பொய்யாகாதா? அதனால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் 'த' என்று எழுதினேன். தண்டனை.

அடுத்த திங்கட்கிழமை வரவேண்டிய பள்ளி ஆய்வாளர், என்ன காரணமோ, அதற்கு முந்தின வியாழக்கிழமையே வந்து இறங்கிவிட்டார். சவரிமுத்து சார் வேர்த்து விறுவிறுத்து அவரை என் வகுப்புக்கு அழைத்து வந்தார். உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள்.

ஆய்வாளர் பதிவேட்டைப் புரட்டினார். பக்கம் முழுக்கச் சிவப்பு. "என்ன இது, த, த, த... தட்டம்மையா?" என்றவர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

சவரிமுத்து சார் சட்டென்று பிடித்துக்கொண்டார். "ஆமாங்கய்யா, ஊரு பூராவும் அம்மை. தாய் மனசு வச்சாத்தான் எறங்கும்." சொல்லிக்கொண்டே என் பக்கம் கண்ணைக் காட்டினார். சும்மா இருந்திருந்தால் ஆய்வாளர் அப்படியே ஜீப்பேறிப் போயிருப்பார். ஆனால் என் கட்டுரையின் நாலாம் பக்கத்தில் உண்மை பேசுவது பற்றி இருந்ததே!

"அம்மை இல்லைங்க சார். தண்டனை" என்றேன்.

"இருபத்தேழு பேருக்கா? யார் குடுத்தது?"

"அவங்களேதான் சார் குடுத்துக்கிட்டாங்க."

சவரிமுத்து சார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆய்வாளர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமியிடம் கேட்டார்: "ஏம்மா, நீங்க ஒம்பது பேரு மட்டும் தப்பே செய்யலையா?"

"செஞ்சோம் சார். ஆனா எங்களுக்குப் பூந்தோட்டம் இல்ல. வீட்டுல இருந்தா தம்பியத்தான் தூக்கிச் சொமக்கணும். அதுக்கு இங்கனயே பரவால்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருபத்தேழு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்பது அந்த அறையில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆய்வாளர் என்னிடம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "சரிம்மா, உங்க முறைப்படியே போவோம். நீங்க செஞ்சதுக்கு என்ன தண்டனை? நீங்களே சொல்லுங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், என் நாக்கு நுனியில் வந்து நின்ற பதில், 'நாளைக்கு என்னைப் பள்ளிக்கூடத்துக்கே விடாதீங்க சார்' என்பதுதான். அதை விழுங்கிவிட்டு, "நாளைக்கு முப்பத்தாறு பேரும் வகுப்புல இருப்பாங்க சார்" என்றேன். "நாளைக்கு மறுபடியும் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கி, விடிகிற நேரத்தில் பாண்டியம்மாள் வீட்டுத் தோட்டத்துக்குப் போனேன். அங்கேயும் அடுத்தடுத்த தோட்டங்களிலுமாக என் ஏழாம் வகுப்பு, மடியைக் கட்டிக்கொண்டு மும்முரமாக அரும்பு பறித்துக்கொண்டிருந்தது. வகுப்பில் ஒரு நாளும் அவர்களை அப்படிப் பார்த்ததில்லை.

பாண்டியம்மாளின் அம்மா என்னைக் கண்டதும் கும்பிட்டார். "வாங்க டீச்சரம்மா! நீங்க புள்ளைகளத் தண்டிக்கிறது எம்புட்டு ஒத்தாசையா இருக்கு தெரியுமா? வெயிலு ஏறி அரும்பு விரிஞ்சுட்டா யாரு வாங்குவா? பங்குனி வரைக்கும் இப்படியே தண்டிச்சீகன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்த அம்மாவிடம் மனசாட்சியைப் பற்றி என்ன பேசுவது? "முதல் மணிக்குள்ள முடிச்சுரலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆளு பத்தாதே."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். கால் மணி நேரத்தில் நான் பறித்ததைப் பாண்டியம்மாள் வாங்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் பிஞ்சு. என் கையைப் பிடித்து, எந்த அரும்பு இன்றைக்கு, எந்த அரும்பு நாளைக்கு என்று காட்டிக்கொடுத்தாள். திட்டவும் இல்லை, தண்டனை கேட்கவும் இல்லை. அன்றைக்கு அந்த ஊரில் ஒழுங்காகப் பாடம் நடத்தியவள் அவள் ஒருத்திதான்.

இரண்டாவது மணி அடிக்கும்போது நாங்கள் ஓட்டமும் நடையுமாக வாசலில் நுழைந்தோம். ஆய்வாளர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். எண்ணிப் பார்த்தார். முப்பத்தைந்து. கருப்பையாவைக் காணோம். (அவனுக்கு நிஜமாகவே தட்டம்மை.)

என் சேலை முழுக்க ஈரமும் மண்ணுமாக இருந்ததை ஆய்வாளர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சவரிமுத்து சாரிடம், "பூ முடியுற வரைக்கும் முதல் பீரியடுல கதை, பாட்டுன்னு ஏதாவது வச்சுக்குங்க. கணக்கை மதியத்துக்குத் தள்ளுங்க" என்றார். அறிக்கையில் என்னைப் பற்றி ஒரே வரி: 'ஆர்வம் உண்டு, கண்காணிப்பு தேவை.' வேலை தப்பியது. பதினாலு பக்கக் கொள்கைதான் தப்பவில்லை. தாமதமாக வரும் பிள்ளையிடம் முதலில் 'ஏன்' என்று கேட்பது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்டினேன்.

கல்யாணமான புதிதில் இதையெல்லாம் என் கணவரிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'லீவு' என்ற சொல்லே கிடையாது. தண்டனைதான். நாங்கள் மதுரைக்கு மாறி வந்த சமயம், மூன்றாம் வகுப்பில் படித்த என் மகன் தன் டீச்சரிடம், "எங்க அப்பாவுக்கு மூணு நாள் தண்டனை. நாங்களும் கூடப் போறோம்" என்று சொல்லியிருக்கிறான். சாயங்காலம் அவனை அழைத்துவரப் போன என்னை அந்த டீச்சர் தனியே கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"மனசத் தளர விட்டுறாதீங்க. எந்த ஜெயில்ல போட்டுருக்காங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான்:

"கொடைக்கானல்ல!"