இடியப்ப உரல் வழக்கு

"சுகம் விசாரிச்சதுக்கு நன்றியாம். ஆனா இந்த நிபந்தனை செல்லாதாம், அண்ணே," என்றாள் கிளாரா, கோர்ட்டின் பதிலைப் பார்த்தபடி.

குலசிங்கம் கோர்ட்டுக்கும் ஊர் வழக்கப்படிதான் எழுதியிருந்தான்: நான் நலம். மனைவி நலம். மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள். நீதிபதியின் நலமறிய ஆவல். கடைசியில் ஒரு வரி: இராசநாயகம் மன்னிப்புக் கேட்டால் வழக்கை வாபஸ் வாங்குகிறேன்.

இருவரும் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்த நண்பர்கள். பிரியும்போது பித்தளை இடியப்ப உரல் யாருடையது என்று சண்டை. குலசிங்கம் வழக்குப் போட்டான். முதல் விசாரணை முடிந்ததும் குடும்பத்தோடு நியூசிலாந்துக்கு, ஒனிஹங்காவுக்கு வந்துவிட்டான். அவனுக்குத் தெரிந்த ஜெர்மன் மொழி தொழிற்சாலை வேலைக்குப் போதும், கோர்ட்டுக்குப் போதாது. அதற்குத்தான் ஜெர்மன் படித்த, இங்கே நூலகத்தில் வேலைபார்க்கும் மலேசியாக்காரி கிளாரா.

"உரலைச் சிங்கப்பூரில இருந்து எடுப்பிக்கலாம். அந்த மனுசனை எங்கயிருந்து எடுப்பிக்கிறது?" என்றாள் மனைவி செல்வநாயகி.

"அவன் முதல்ல எழுதட்டும்."

"கோர்ட்டைக் கேக்குற காரியம் வேற, சொன்னதுமே நடந்துடுற காரியம் வேற," என்றாள் கிளாரா. "வாபஸ் ரெண்டாவது ரகம். அதுல 'அப்படின்னா, இப்படின்னா' எல்லாம் போட முடியாது. நீங்க எழுதுறதுல அவருக்கும் ஒரு காப்பி போகுது, தெரியும்ல?"

"போகட்டும். நான் நல்லாயிருக்கிறன் எண்டு தெரியட்டும்."

நிபந்தனை இல்லாமல் எழுதினான். தக்காளி காய்த்ததையும் சேர்த்தான்.

தபாலில் போட்ட மறுநாளே பயம் வந்தது. தோற்று ஓடியதாக இராசநாயகம் நினைப்பானே! வாபஸை வாபஸ் வாங்கி இன்னொரு கடிதம் போட்டான். அதில் சின்னவளுக்கு முதல் பல் முளைத்த செய்தி.

பதில் வந்தது. சொன்ன வாபஸைத் திருப்பி எடுக்க முடியாது. விசாரணை தொடங்கிவிட்டதால் எதிராளியின் சம்மதமும் வேண்டும். கேட்டிருக்கிறோம்.

"இப்ப நல்லாச் சிரிப்பான்," என்றான் குலசிங்கம்.

"சிரிச்சாலும் பரவாயில்ல. சம்மதிச்சாரெண்டால் நான் அவருக்குப் போன் எடுத்துக் கதைப்பன்," என்றாள் செல்வநாயகி.

அவன் மறுக்கவில்லை. ஒன்பது வாரம் தபால்பெட்டியைப் பார்த்தான்.

கடைசியில் உறை வந்தது. கிளாரா பிரித்தாள். "சம்மதம் இல்லையாம்."

குலசிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தான். "அவ்வளவு பகையோ?"

"காரணமும் எழுதியிருக்காரு." கிளாரா தாளைத் திருப்பினாள். "'வழக்கு முடிஞ்சா அவன் எனக்குக் கடிதம் போடமாட்டான்.'"