மேளம், பக்கத்தில் ஒரு நம்பர்

மேளத்தைக் கையால் தொடாமலே மாத்தளையை ஆட வைத்தவர் ஒருவர்தான்: பெட்டி அண்ணன். ஏதாவது பெயர் வைத்துத்தான் வளர்த்திருப்பார்கள், எங்களுக்குத் தெரியாது. ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர். வடக்கு கிழக்கில் சண்டை மறுபடி மூண்டிருந்த அந்தக் காலத்தில், மச்சான் கட்டாரிலிருந்து அனுப்பிய பழைய லெப்டொப்பில் பெட்டி பெட்டியாக வரைந்து, கோடு இழுத்து இணைத்துச் சத்தம் உண்டாக்குவார்.

அவர் கொள்கை ஒன்றே. மேளத்தை ஒருமுறைதான் செய்ய வேண்டும். பிறகு எத்தனை பெட்டியில் வேண்டுமானாலும் ‘மேளம்’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு நம்பர் போட்டால் போதும். நம்பர் கூடினால் கீச்சென்று, குறைந்தால் தொம்மென்று.

“உள்ளுக்குள்ள கை வைக்கக் கூடாதுங்க. வேண்டியத வெளியில இருந்து குடுக்கணும்.”

வீட்டிலும் இதே பேச்சு. “தேங்காச் சம்பல் ஒன்னுதான், ஆளுக்கு ஏத்த மாதிரி மொளகாய மட்டும் மாத்து” என்றார். “ஒங்களுக்கு எத்தன நம்பர்?” என்று கேட்ட அண்ணி, பதிலுக்குக் காத்திராமல் போட்டும் விட்டார். அன்று முழுக்க அண்ணன் தண்ணீர்ச் செம்போடு திரிந்தார்.

எங்கள் டியூஷன் பிள்ளைகளின் நாடகத்துக்கு அவர்தான் மேளம். நாடகம் போடத் தம்புள்ளைக்குப் போகும் வழியில், பலாபத்வல சோதனைச் சாவடியில் அண்ணனையும் என்னையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். சிப்பாய் லெப்டொப்பைத் திறந்தான். பெட்டிகள், கோடுகள். முகம் மாறியது.

“இது எந்தக் குண்டோட படம்?” சிங்களத்தில் கேட்டான்.

“மேளம் சேர்.”

ஒரு பெட்டியின் உள்ளே டொலர் குறி, பக்கத்தில் ஒன்று என்ற எண். “டொலர் யாரு அனுப்புறது?”

அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தாலே கூட்டிப்போகப் போதுமான காலம் அது. போனவர் எப்போது திரும்புவார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பயப்பட வேண்டிய இடத்தில் கோபப்படுவது அண்ணன் வழக்கம். “அது காலி நாற்காலி சேர்! வெளியில குடுக்குற நம்பர் வந்து ஒக்காரும். நீங்களே ஒரு நம்பர் குடுங்க.”

சின்ன நம்பராக இருந்துவிடக் கூடாதே என்று சகல சாமிகளையும் கும்பிட்டேன். சின்ன நம்பர்தான். தொம்! மூன்று துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின.

“இப்ப பெரிசா ஒன்னு” என்றார் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. கீச்! சிப்பாயின் உதட்டோரம் அசைந்தது.

“ரெண்டையும் சேத்தா?”

சேர்த்தார். மூன்றாவதையும் சேர்த்தார். சாவடியே தலையாட்டியது. பின்னால் நின்ற லொறிக்காரன் மட்டும் தாளம் தப்பி ஹோர்ன் அடித்தான். அண்ணன் திரும்பி முறைத்தார்.

லெப்டொப்பைக் கொடுத்துவிட்டுச் சிப்பாய் என்னைப் பார்த்தான். “நீ யாரு?”

ஆசிரியர், எழுத்தாளர், விழாத் தலைவர் என்று பின்னாளில் மேடைகளில் என்னென்னவோ சொல்லி என்னை அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். அன்று நானே சொல்லிக்கொண்டதற்கு ஒன்றும் ஈடில்லை.

“இவரோட ஆளு சேர்.”