ரேஷன் கடை சீனியாரிட்டி

கோபத்தில் சீனியாரிட்டியை மிஞ்ச இந்தச் சென்னையில் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் இரண்டு பேரும் மோதிக்கொண்டு ஊரே ரெண்டுபட்டிருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அடையாற்றங்கரையில் நகரம் முக்கால்வாசி விழுங்கிவிட்ட ஒரு கிராமத்தில் நான் குடியிருந்தேன். அங்கே ரேஷன் கடையில் எடை போடுபவர் அவர். கடைக்கு யார் முதலில் வந்தார்கள் என்பது அவருக்குப் பொருட்டே அல்ல. ஊருக்கு யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்குத்தான் முதலில் சாமான். 'சீனியாரிட்டி' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். முதலில் ஆற்றோரத்து மீன்பிடிக் குடும்பங்கள். அடுத்து, கிணறு வெட்ட வந்து தங்கிவிட்ட தெலுங்குக்காரர்கள். பிறகு மாந்தோப்புக் காவலுக்கு வந்த உருது பேசும் வீடுகள். அப்புறம் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள். கடைசியில், அந்த மாந்தோப்பை வெட்டிக் கட்டிய ஃபிளாட்டில் குடியேறிய நாங்கள்.

"நான் அஞ்சு மணிக்கே வந்துட்டேங்க" என்றேன் ஒருநாள்.

"அஞ்சு மணியா? அவங்க பாட்டன் வந்தப்ப இங்க கடியாரமே கெடியாது. பின்னாடி போ சார்!"

இன்னொரு நாள், யார் தாத்தா முந்தி என்று ஒரு தெலுங்கு நைனாவுக்கும் தோப்பு வீட்டு பாய்க்கும் தகராறு. சீனியாரிட்டி கடையைப் பூட்டினார். கிணற்றடிக்குப் போய் அரைமணி நேரம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்பு சொன்னார்: "கெணறு இல்லாம எவன்யா தோப்பு வச்சான்? நைனா, முன்னாடி வா!"

அப்புறம் ஒரு வருடம் ஆற்றோரக் குடிசைகளை இடித்து, அந்த ஜனங்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய்க் கொட்டினார்கள். கார்டை மட்டும் மாற்றித் தரவில்லை. இரண்டு பஸ் மாறி இங்கேதான் வர வேண்டும். மண்ணெண்ணெய் போடும் நாளன்று ஓர் அதிகாரி வந்தார்.

"ஆளே இல்லாத கார்டுக்கு எதுக்கு எண்ணெய் வச்சிருக்கே? நிக்கிறவங்களுக்கு ஊத்து!"

"கரெக்ட் சார்!" என்று கத்தியது நான்தான். இன்றைக்கும் நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சீனியாரிட்டி டிரம் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். "ஆள் இல்லியா? இட்ச்சித் தள்ளிட்டு இன்னா பேச்சு சார் இது? வந்துகினு கீறாங்க. அவங்க வராம ஒரு சொட்டு கெடியாது!"

மதியம் ஒரு மணி வரை வெயிலில் நின்றோம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. குடிசையை இடித்தவர்கள் மேல் அல்ல, இவர் மேல்! கடைசியில் காலி கேன்களோடு அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

"பஸ்ஸே கெடைக்கல அண்ணே" என்றாள் முன்னால் வந்த பெண்.

"மொத ஆளு நீ. ஊரே உனக்காக நிக்குது, ஆடி அசஞ்சி வர்றியா?" என்று அவளுக்கும் விழுந்தது. எரிந்து விழுந்துகொண்டே கேனை நிரப்பினார்.

அடுத்த மாதமே அவரைத் தூக்கி வேறு கடைக்கு அடித்தார்கள். புது ஆள் ரொம்ப ஒழுங்கு, கடைக்கு முதலில் வந்தவருக்கு முதலில். நான்தான் முதலில் வாங்கினேன். ஆற்றோரத்துக்காரர்கள் வந்தபோது டிரம் காலி. அந்தப் பெண் காலி கேனோடு பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தாள். சண்டை போட ஒருவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான்.

சீனியாரிட்டி எந்தக் கடையில் இருக்கிறார் என்று விசாரித்து, மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். வாங்க ஒன்றுமில்லை, அவரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.