மூலைக்கு மூலை

"இன்னும் கால் அங்குலம் உதைக்குது" என்றார் டெஸ்மண்ட், டேப்பை வெறித்தபடி.

காரின் அடிச்சட்டமான சேஸிஸ் கராஜ் நடுவே நாலு தாங்கிகள் மேல் கிடந்தது. மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேஸிஸ் கோணல். அதன் மேல் ஏறுகிற எல்லாமே கோணல். ஐம்பத்திரண்டாம் வருஷத்து வண்டி. ரயில்வேயில் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்ற டெஸ்மண்ட், ஏழு வருஷமாக இதைத்தான் கட்டிக்கொண்டு மாரடிக்கிறார். இங்கிலாந்தின் கார் நகரமான கோவன்ட்ரியில் அந்தத் தெரு ஆண்கள் எல்லோருக்கும் இதே வியாதிதான்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மனைவி மார்ஜரி சொன்னாள்: "விடுங்க. கால் அங்குலம் யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே!"

இரும்பைக் காய்ச்சினார், ஜாக்கி கொடுத்து நெம்பினார். ஆறியபின் அளந்தால் அரை அங்குலம். குறுக்குச் சட்டத்தை அறுத்து மறுபடி வெல்டிங் வைத்தார். அந்தச் சூட்டில் அது தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டது. முக்கால்.

"இப்படியே போனா வண்டி நண்டு மாதிரிதான் ஓடும்."

"வாயை மூடிக்கிட்டு டேப்பைப் பிடி!"

வெள்ளிக்கிழமை சங்கிலியின் ஒரு முனையைச் சேஸிஸிலும் மறுமுனையைக் கராஜ் தூணிலும் மாட்டி இழுத்தார். சேஸிஸ் அசையவில்லை. கராஜ் அசைந்தது. அதற்கப்புறம் கதவு சாத்த வரவில்லை.

சனிக்கிழமை காலை டெஸ்மண்ட் ஒரு முடிவோடு வந்தார்.

"கடைசியா ஒரு தடவை இழுத்துப் பாக்கறேன். வரலைன்னா பழைய இரும்புக்காரனை வந்து அள்ளிட்டுப் போகச் சொல்லிடுவேன். அப்புறம் இந்தக் கராஜ் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

"நாள் பூரா என்ன செய்வீங்க?"

"உன்கூடத்தான் இருப்பேன். கடைக்கும் வரேன். உன் சமையலறை அலமாரியைப் பாத்தேன், சகிக்கல. ஜாமெல்லாம் தேதிவாரியா அடுக்கணும். நீ கேக் சுடறதுக்கும் ஒரு அட்டவணை போட்டுத் தரேன்."

மார்ஜரி அவசரமாக டேப்பின் தன் முனையை எடுத்துக்கொண்டாள்.

டெஸ்மண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு சங்கிலியை இழுத்தார். டேப்பை நீட்டினார். ஒரு குறுக்கு. மறு குறுக்கு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"சமம்! மார்ஜரி, சமம்! மயிரிழைகூட வித்தியாசம் இல்ல!"

எழுபது வயது மனிதர், அவள் தோளில் சாய்ந்து அழுதே விட்டார்.

"இனிமே எஞ்சின். அப்புறம் பாடி. எப்படியும் ஆறு வருஷம் ஆகும்."

"நிதானமாவே செய்யுங்க. நான் டீ கொண்டாரேன்."

டீ வருகிற வழியாக இல்லை. டெஸ்மண்ட் அவளைத் தேடித் தோட்டத்துப் பக்கம் போனார். வேலியோரம் அவளோடு பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஹில்டாவின் குரல் கணீரென்று கேட்டது.

"அடியே மார்ஜரி, சமமா காட்டணும்னா டேப்பை எவ்வளவு தள்ளிப் பிடிக்கணும்னு எனக்கும் சொல்லிக்குடுடி! எங்க வீட்டுக்காரரும் திங்கட்கிழமையிலேர்ந்து வீட்டோட இருக்கப் போறாராம்!"