கோமளத்தின் கால் குறித்த உயர்மட்டக் குழு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பாதி வேலைதான் செய்தான். அதை மிதிக்கிற காலைப் பெடலிலேயே நிறுத்திவைப்பது எப்படி என்ற மீதி வேலை, தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடை விடுமுறையில், மயிலாப்பூரில் ஒரு மாடி வீட்டுக் கூடத்தில், நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நிறைவேறியது. நாகரிகம் அன்றோடு முழுமை பெற்றது என்பதில் குழுவினர் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

விஷயம் இதுதான். நாற்பத்தொரு வயதில் கோமளத்துக்கு அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர் வேலை கிடைத்திருந்தது. ஜூன் மூன்றாம் தேதி திங்கட்கிழமை சேர வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். பஸ்ஸில் தொங்குவதைவிட மேல் என்று பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி ஓட்டிப் பார்த்தாள். லஸ் முனையில் கால் வழுக்கிச் செருப்பு விழுந்தது. இறங்கி, மாட்டிக்கொண்டு, வீடு வந்து சேர்ந்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். கணவர் சந்திரமௌலியிடம் சிரித்துக்கொண்டே சொல்லித் தொலைத்தாள்.

சந்திரமௌலி அரசுத் துறை ஒன்றில் செயற்பொறியாளர். எதையும் சிரித்துக்கொண்டு கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"வழுக்கித்துன்னா ஏன் வழுக்கித்து? இனிமே வழுக்காதுன்னு யார் உத்தரவாதம்?"

அன்று மாலையே குழு அமைந்தது. தலைவர் அவர். தொழில்நுட்ப உறுப்பினர், நியூஜெர்ஸியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவர் தம்பி கிச்சா. செயலாளர், கீழ் வீட்டு சுவாமிநாதன். பணி ஓய்வுக்குப் பிறகு மினிட்ஸ் எழுத வழியில்லாமல் இளைத்துப்போயிருந்தவர். கோமளம் 'சிறப்பு அழைப்பாளர்'. காபி கொண்டுவரும்போது கூட்டத்தில் பங்கேற்கலாம்.

கிச்சா அங்கிருந்து கொண்டுவந்திருந்த சைக்கிள் சாமான் கேடலாகைப் பிரித்தார். பெடலின் முன்னால் எலிப்பொறி போல ஓர் இரும்புக் கூடு; விரல்களை அதில் நுழைத்துத் தோல்வாரால் இறுக்குவது ஒரு முறை. ஷூவின் அடியில் இருக்கும் உலோகத் துண்டு பெடலில் 'டக்'கென்று பூட்டிக்கொள்வது இன்னொன்று. பழைய டியூபை வெட்டிப் பாதத்தைப் பெடலோடு சேர்த்துக் கட்டுவது, சுவாமிநாதனின் 'சுதேசி' முறை.

"கூட்டுக்குள்ள மெட்டி இடிக்குமே?" என்றார் சுவாமிநாதன்.

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. மெட்டியை ஆராயத் துணைக்குழு அமைக்கப்பட்டது. அதே மூவர். இரண்டாம் ஞாயிறு முழுவதும் மெட்டிக்குப் போயிற்று.

சமையலறையில் டிகாக்ஷன் இறங்கக் காத்திருந்த கோமளம் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பித்தவெடிப்பு. இருபது வருஷத்தில் இந்த அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் எத்தனை மைல் நடந்திருக்கும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது அதற்கு அஜெண்டாவில் தனி எண். வெட்கக்கேடுதான், ஆனாலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதற்காக அது போய்விடவும் இல்லை.

மூன்றாம் ஞாயிறு, பூட்டும் ஷூ முன்னணிக்கு வந்தது.

"காலை எடுக்கணும்னா?" என்று கேட்டாள், டம்ளரை வைத்தபடி.

"குதிகாலை வெளிப்பக்கமாத் திருப்பணும் மன்னி. தானா விட்டுடும்," என்றார் கிச்சா.

"திருப்ப மறந்துட்டா?"

"விழுவேள். ஆனா கால் பெடல்லயேதான் இருக்கும்."

குழு மேஜையைத் தட்டி வரவேற்றது.

மறுநாள், மந்தைவெளியில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜோதிலட்சுமியிடம் பிரேக் பார்க்கப் போனபோது கோமளம் இதையெல்லாம் சொன்னாள்.

"இன்னாமா இது, காலக் கட்டிக்கினு போறதுக்கு நீ இன்னா சந்தை மாடா? சிக்னல்ல எப்டிக் கால ஊனுவ?"

"கமிட்டி போட்டிருக்கா."

"உன் ஊட்டுக்காரு ஸ்கூட்டர்ல போறாரே, அவுரு எத்தக் கட்டிக்கினு கீறாரு?"

"அவர் கட்டிக்கறதில்லை."

"வுயுந்ததே இல்லியா?"

"ரெண்டு தரம்."

"அப்ப ரெண்டு கமிட்டி பாக்கி கீது," என்றாள் ஜோதிலட்சுமி. பெடலைச் சுற்றிப் பார்த்தாள். "ரப்பரு தேஞ்சி மொழுக்குனு கீது. வயுக்காம இன்னா பண்ணும்?" பத்து நிமிஷத்தில் புதுப் பெடல் மாட்டிவிட்டாள்.

கோமளம் இதைக் குழுவிடம் தெரிவித்தாள். 'உள்ளூர்க் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று சுவாமிநாதன் எழுதிக்கொண்டார்.

ஜூன் இரண்டு, நான்காம் ஞாயிறு. கூடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நிறுத்தப்பட்டது. ஜோதிலட்சுமியின் பெடலைக் கழற்றிவிட்டு, கிச்சா தான் கொண்டுவந்திருந்ததை மாட்டினார். ஷூவும் அவருடையதுதான். கோமளத்தின் காலைப் போல ஒன்றரை மடங்கு. நுனியில் செய்தித்தாளைத் திணித்தார்கள். டக். டக். அவள் மிதித்தாள். பின்சக்கரம் சுற்றியது. மூவரும் அவள் பாதங்களையே பார்த்தார்கள்.

டெலிபோன் அடித்தது. கோமளம் குதிகாலைத் திருப்பினாள். ஷூவுக்குள் கால் திரும்பியது, ஷூ திரும்பவில்லை. சந்திரமௌலி ரிசீவரை எடுத்தார்.

"வணக்கம் மேடம், அவ ஹஸ்பெண்ட்தான் பேசறேன். நாளைக்கா? கஷ்டம். கால் விஷயம் இன்னும் ஃபைனலைஸ் ஆகலை. அடியா? அடியெல்லாம் படலை மேடம், படாம இருக்கத்தான். பள்ளிக்கூடத்தை ரெண்டு வாரம் தள்ளித் திறக்க முடியாதா?... ஓஹோ. சரி, அப்ப லிஸ்ட்ல அடுத்தவாளையே..."

அப்போதுதான் கோமளத்துக்கு அது உறைத்தது. பூட்டியிருந்தது ஷூதான். கால் இல்லை. இவ்வளவு பெரிய ஷூவிலிருந்து காலை எப்போது வேண்டுமானாலும் உருவியிருக்கலாம். அரைமணி நேரமாக, ஃபோட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது அவள்தான், யாரும் உட்காரவைக்கவில்லை. உருவினாள். செய்தித்தாளும் கூடவே வந்தது. இரண்டே எட்டில் போய் அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"மேடம், கோமளம் பேசறேன். நாளைக்கு எட்டரைக்கு அங்க இருப்பேன்."

ரிசீவரை வைத்தாள்.

"குழு கலையறதுக்கு முன்னாடி இறங்கப்படாது கோமு," என்றார் சந்திரமௌலி. சுவாமிநாதன் தலை நிமிரவே இல்லை. பெடல்களில் நின்ற ஷூக்களைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஜோதிலட்சுமி திட்டிக்கொண்டே பழையபடி பெடலை மாற்றித் தர, கோமளம் அடையாற்றுக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது குழுவின் இறுதி அறிக்கை மூன்று பிரதிகளாக டைப் அடிக்கப்பட்டு மேஜைமேல் இருந்தது. 'சோதனை முழு வெற்றி. இறுதிவரை விலகல் ஏதும் இல்லை.' அவள் நின்றபடியே படித்தாள். எந்த ஆடிட்டும் குறை சொல்ல முடியாத அறிக்கை. ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாமல் விடவில்லை.

வாகனம்: லேடீஸ் சைக்கிள், ஒன்று.

கால்: இரண்டு.

உரிமையாளர்: எஸ். சந்திரமௌலி, பி.இ.